முதுமைக்கு ஒரு விசா

ராயக்கோட்டையில் விசா என்றால் பிள்ளைகளின் காரியம் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்தவரின் மகன் பெங்களூரில் படிப்பான். அங்கிருந்தே துபாய்க்கோ டொரொண்டோவுக்கோ போவான். அப்பாவும் அம்மாவும் விமான நிலையம் வரை போய் வழியனுப்பிவிட்டு இரவோடு இரவாக ஊர் திரும்புவார்கள். இப்போது அந்த அப்பா அம்மாக்களே கோப்பைத் தூக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறார்கள். பெரும்பாலோர் பிள்ளைகளோடு போய் இருப்பதற்காக. மிகச் சிலர் தங்களுக்காகவே: மீதமிருக்கும் வருடங்களைத் தாய்லாந்திலோ மலேசியாவிலோ போர்ச்சுக்கலிலோ கழிக்கலாம் என்று யாரோ சொல்ல, அந்த எண்ணம் மனத்தில் தங்கிவிட்டவர்கள்.

இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் நிலத்தின் விலை இருக்கிறது. எழுபதுகளில் ஓசூருக்கு சிப்காட் வந்தது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வரிசையாக ஆலைகள் வந்தன. இப்போது ராயக்கோட்டையிலிருந்து ஓசூர் போகும் வழியில், உத்தனப்பள்ளிக்கு அருகே, டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலைக்கு ஆயிரக்கணக்கான பெண்கள் பேருந்துகளில் போய்வருகிறார்கள். 2024 ஜூனில் ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதற்கு முன்பே, சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் கொடுக்க மாட்டோம் என்று உத்தனப்பள்ளி, நாகமங்கலம், அயர்னப்பள்ளி விவசாயிகள் போராடிக்கொண்டிருந்தார்கள். ராகியும் தக்காளியும் விளைந்த ஏக்கருக்கு இன்று சொல்லப்படும் விலையை, அதை உழுத தலைமுறை தன் வாழ்நாளில் கையில் பார்த்ததில்லை. பார்க்காத பணம் வரும்போது, நினைக்காத எண்ணங்களும் வருகின்றன. அதில் தவறில்லை. உழைத்த உடம்புக்கு ஒரு கடற்கரை ஊர் வேண்டும் என்று தோன்றினால் அதைக் குறை சொல்ல நாம் யார்?

ஓய்வுக்கால விசா எதைக் கேட்கிறது என்று பார்க்கலாம். தாய்லாந்தின் நீண்டகால ஓய்வு விசாவுக்கு 50 வயது நிரம்பியிருக்க வேண்டும். வங்கியில் 8 லட்சம் பாட், நம் கணக்கில் இருபது லட்சம் ரூபாய்க்கு மேல், இருக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும், அதாவது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல். தொழுநோய், காசநோய், யானைக்கால் இல்லை என்று மருத்துவர் எழுதித்தர வேண்டும். குற்ற வழக்கு இல்லை என்று போலீஸ் சான்று வேண்டும். அங்கே போனபின் வேலை செய்யக் கூடாது. 90 நாட்களுக்கு ஒருமுறை இன்ன முகவரியில் இருக்கிறேன் என்று குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். போர்ச்சுக்கலின் டி7 விசா, உழைக்காமல் வரும் வருமானம் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலி அளவுக்காவது இருக்க வேண்டும் என்கிறது. 2025-இல் அது மாதம் 870 யூரோ. நமக்குப் பக்கத்திலிருக்கும் இலங்கையிலும் ஒரு திட்டம் உண்டு. 55 வயது தாண்டிய வெளிநாட்டவர் 15,000 டாலரை அந்நாட்டு வங்கியில் போட்டு, மாதந்தோறும் 1,500 டாலர் வரவழைத்தால் அங்கே குடியிருக்கலாம்.

இந்த எண்களை ஓசூர் ஆலைத் தொழிலாளியின் ஓய்வூதியத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் விசாவின் உண்மையான முகம் தெரிகிறது. 1995-இல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் சூத்திரம் எளிது: ஓய்வூதியத்துக்கு உரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். முப்பத்தைந்து வருடம் முழுதாக அந்த உச்சவரம்பிலேயே இருந்தவருக்கும் மாதம் 7,500 ரூபாய்தான் வரும். 2014 வரை உச்சவரம்பு 6,500 ஆக இருந்ததால், உயர் ஓய்வூதியத்துக்கு விருப்பம் கொடுக்காத பெரும்பாலோர் அதையும் தொடுவதில்லை. குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் இன்றுவரை ஆயிரம் ரூபாய். உலகம் முழுவதும் ஓடும் வண்டிகளையும், கைகளில் கட்டிய கடிகாரங்களையும் செய்த கைகள் இவை. பொருள் போன இடத்துக்கு அதைச் செய்தவர் ஓய்வெடுக்கப் போக முடியாது.

விவசாயியின் நிலை வேறுவகைச் சிக்கல். அவர் கையில் பணம் இருக்கலாம். ஆனால் 'மாத வருமானம்' என்ற கட்டத்தில் எதை எழுதுவார்? ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் ஒரு வாரம் போட்ட கூலிகூட வராமல் காயைச் சாலையோரம் கொட்டுவதும் உண்டு. 2023 ஜூலை மாதிரி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்பதும் உண்டு. மண்டியில் தரும் சீட்டு தூதரகத்துக்கு ஆவணமாகாது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் வரிக்கணக்கும் பெரும்பாலும் இல்லை. ஆக, வாழ்க்கை முழுவதும் உழைத்துச் சம்பாதித்தவர் காகிதத்தில் வருமானமில்லாதவர். நிலத்தை விற்று வைப்புத்தொகையாக்கினால் மட்டும் தகுதியுள்ளவர். இந்த இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. நிலம் நிலமாக இருக்கும்வரை மதிப்பில்லை, விற்ற மறுநாள் மதிப்பு.

மூன்றாமவர் 2003 ஏப்ரலுக்கு முன் அரசுப் பணியில் சேர்ந்தவர். ஆசிரியர், மின்வாரிய ஊழியர், வருவாய்த் துறைக்காரர். பழைய ஓய்வூதியம் மாதாமாதம் வரும் கடைசித் தலைமுறை. இவர்களிடம் வருமானச் சான்று சுத்தமாக இருக்கும். ஆனால் அவர்களையும் மற்றக் காகிதங்கள் விடுவதில்லை.

அந்தக் காகிதங்களோடு உட்கார்ந்திருக்கும் முதியவர்களுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவியிருக்கிறேன். முதல் தடங்கல் பெயர். நம் பெயருக்கு முன்னால் அப்பாவின் முதலெழுத்து ஒன்று நிற்கும். குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்துக் குடும்பப் பெயராகப் போட்டிருப்பார்கள். ஆதாரில் முதலெழுத்து பின்னால் இருக்கும். ஓய்வூதியப் புத்தகத்தில் முன்னால். வங்கியில் இல்லவே இல்லை. நான்கும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழி எழுதித்தர வேண்டும். இரண்டாவது பிறந்த தேதி. ஐம்பதுகளில் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் வீட்டில் பிறந்த குழந்தைக்குப் பதிவு ஏது? பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்தநாள். அந்தத் தேதியில்தான் வேலைக்குச் சேர்ந்தார், அந்தத் தேதியில்தான் ஓய்வு பெற்றார். இப்போது பிறப்புச் சான்று கேட்கும்போது, பதிவேட்டில் அப்படியொரு பிறப்பு இல்லை என்ற சான்றை வாங்கிவர அலைகிறார்.

மூன்றாவது திருமணச் சான்று. தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானது 2009 நவம்பரிலிருந்துதான். எண்பதுகளில் தாலி கட்டியவர்களிடம் இருப்பது ஒரு மஞ்சளேறிய பத்திரிகை, சில புகைப்படங்கள். அறுபத்தைந்து வயதுக் கணவனும் அறுபது வயது மனைவியும் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யச் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் நிற்கிறார்கள். "நாப்பது வருசம் குடும்பம் நடத்தினதுக்கு இப்ப சாட்சி கேக்கறாங்களா சார்?" என்று ஒரு அம்மா கேட்டார். அவர் குரலில் கேலி இல்லை, கூச்சம் இருந்தது. பேரன் பேத்தி எடுத்தவர்கள் புதுமணத் தம்பதிகளுக்கு நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். கணவர் மட்டும் அன்று நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து வந்திருந்தார். கையெழுத்துப் போட்டு முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தில், எந்த நாட்டுக்கும் போகாவிட்டாலும் இந்த அலைச்சலில் இது ஒன்றாவது மிஞ்சியது என்று எனக்குத் தோன்றியது.

பிள்ளைகளிடம் போகிறவர்களுக்கு வைப்புத்தொகை கேட்பதில்லை. அதற்குப் பதிலாகப் பிள்ளையின் சம்பளத்தை எடை போடுகிறார்கள். சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் மகன் பெற்றோருக்கு நீண்டகால அனுமதி வாங்க மாதம் குறைந்தது 12,000 சிங்கப்பூர் வெள்ளி சம்பாதிக்க வேண்டும். அதற்குக் கீழே சம்பாதிப்பவனுக்கு மனைவி குழந்தைகளை அழைத்துக்கொள்ள வழி இருக்கலாம். பெற்றோரை அழைக்க வழியில்லை. கனடா 2011 டிசம்பரில் சூப்பர் விசாவைத் தொடங்கியது. 2022 ஜூலையிலிருந்து ஒரு முறை போனால் ஐந்து வருடம் வரை இருக்கலாம். நான் பார்த்தவரையில் மனிதத்தன்மையோடு வகுக்கப்பட்ட திட்டம் இதுதான். இருந்தும், மகனோ மகளோ வருமான வரம்பைத் தாண்டியிருக்க வேண்டும். ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள எழுபது வயதுக்காரருக்கு அந்தக் காப்பீட்டின் விலை பிள்ளையின் மாதக் கணக்கை உலுக்கிவிடும். ஆஸ்திரேலியாவில் பணம் முதலீடு செய்யும் ஓய்வுக்கால விசாவை 2018-இல் மூடிவிட்டார்கள். பெற்றோருக்கான சாதாரண விசாவுக்கு வரிசை ஏறக்குறைய முப்பது வருடம். அறுபத்தைந்து வயதில் வரிசையில் சேர்ந்தவர் எப்போது போய்ச் சேருவார்? அந்நாட்டு அரசு அமைத்த குடிவரவு ஆய்வுக் குழுவே 2023-இல், அநேகமாக வரவே போகாத விசாவுக்கு விண்ணப்பிக்க விடுவது கொடுமை என்று எழுதிவிட்டது.

முதியவர் பணம் கொண்டுவந்தால் விருந்தாளி, பாசத்தோடு வந்தால் சுமை. எல்லா விதிகளையும் பிழிந்தால் இதுதான் மிஞ்சுகிறது. பேரக்குழந்தையைக் குளிப்பாட்டி, மருமகள் வேலைக்குப் போக வழிசெய்து, வீட்டில் தமிழோ தெலுங்கோ கன்னடமோ ஒலிக்கச் செய்யும் பாட்டியின் உழைப்பு எந்த நாட்டின் கணக்கிலும் ஏறுவதில்லை.

வயதான காலத்தில் ஊரைவிட்டுப் போவது நம் மரபுக்கு அந்நியம் என்று சொல்லிவிடுவது சுலபம். அது உண்மையில்லை. கடமைகளை முடித்துவிட்டுக் காசிக்குப் போய் அங்கேயே இருந்து உயிர்விடுவது பெரிய பேறாகக் கருதப்பட்டது. அங்கே போகிற தமிழர்கள் தங்குவதற்காகவே நகரத்தார் சத்திரம் கட்டினார்கள். இங்கிருந்து கிழக்கே ஒரு பகல் பயணத்துக்குள் இருக்கிற திருவண்ணாமலைக்கு மேஜர் சாட்விக் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1935-இல் வந்தார். ரமணாசிரமத்திலேயே தங்கி 1962-இல் அங்கேயே இறந்தார். அவரிடம் யாரும் வைப்புத்தொகை கேட்கவில்லை. இன்று அப்படி ஒருவர் வந்தால் இந்தியாவில் ஓய்வுக்கால விசா என்று ஒரு வகையே கிடையாது. சுற்றுலா விசாவில் வந்து, நாள் முடிந்ததும் வெளியே போய்த் திரும்பி வர வேண்டியதுதான். இந்த விஷயத்தில் நாமும் தாராளமானவர்கள் இல்லை. 1983-க்குப் பிறகு கடல் தாண்டி வந்து, தமிழ்நாட்டின் முகாம்களிலேயே இளமையையும் நடுவயதையும் கழித்து இப்போது முதியவர்களாகிவிட்ட ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். முகாம்களுக்கு 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றினோம். நாற்பது வருடம் இருந்தவருக்குக் குடியுரிமை இன்னும் இல்லை. முதுமையில் எங்கே இருப்பது என்பதைப் பற்றிப் பேசும்போது அவர்களை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனமில்லை.

ராயக்கோட்டை மலைக்கோட்டைக்கும் இந்தக் கதைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1791-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மேஜர் கௌடி இந்தக் கோட்டையைத் திப்பு சுல்தானிடமிருந்து பிடித்தார். மறுவருட உடன்படிக்கையில் ராயக்கோட்டை அடங்கிய பாராமகால் பகுதி கம்பெனியிடம் போனது. ஓசூர் திப்புவிடமே இருந்தது. 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிஸின் படை இங்கிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் புறப்படும்வரை, ஏழு வருடம், ராயக்கோட்டைக்கும் ஓசூருக்கும் நடுவே இரண்டு அரசுகளின் எல்லை ஓடியது. அந்த ஏழு வருடமும் கேப்டன் ரீடின் உதவியாளராகப் பாராமகாலில் நிலவரித் தீர்வை செய்துகொண்டிருந்தவர் தாமஸ் மன்றோ. தருமபுரியில் அவர் தோட்டம் போட்டதும், அதைப் பிரிய வருந்தியதும் அவர் கடிதங்களில் இருக்கின்றன. கம்பெனிக்காரர்களின் வாழ்க்கைத் திட்டம் ஒன்றுதான்: இங்கே சம்பாதித்து, முதுமைக்கு ஸ்காட்லாந்துக்கோ இங்கிலாந்துக்கோ திரும்புவது. மன்றோ சென்னை ஆளுநராகி, ஊர் திரும்பத் தன்னை விடுவிக்கக் கேட்டும், பர்மா போரால் அது தள்ளிப்போனது. 1827-இல் புறப்படும் முன் பழைய மாவட்டங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனவர், ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். வயது 66. முதலில் குத்தி என்ற ஊரில் புதைத்தார்கள். பிறகு எலும்புகளைச் சென்னைக் கோட்டைத் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதுமைக்கு ஸ்காட்லாந்து திரும்பவேயில்லை. அதிகாரம், பணம், கப்பல் எல்லாம் கையில் இருந்தவருக்கே கடைசி இருப்பிடம் திட்டப்படி அமையவில்லை.

ஓய்வுக்கால விசாவும் அப்படித்தான் நிலையற்றது. அது ஒரு குத்தகை. நிலக்காரர் நினைத்தால் விதியை மாற்றுவார். மலேசியாவின் 'மலேசியா என் இரண்டாம் வீடு' திட்டம் 2002 முதல் பல நாட்டு முதியவர்களை ஈர்த்தது. 2020-இல் அதை நிறுத்தினார்கள். 2021-இல் திறந்தபோது, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய மாத வருமானம் 10,000 ரிங்கிட்டிலிருந்து 40,000 ஆகியிருந்தது. வைப்புத்தொகை 10 லட்சம் ரிங்கிட். 2024-இல் மறுபடி மாற்றி, வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று படிநிலைகள் வைத்து, வீடு வாங்குவதையும் கட்டாயமாக்கினார்கள். ஐம்பது வயதில் இத்தகைய மாற்றத்தைச் சமாளிக்கலாம். எழுபத்தைந்தில், துணையை இழந்து, மூட்டுவலியோடு, வேறொரு நாட்டின் குடிவரவு வாசலில் எண் எடுத்துக் காத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள்.

விண்ணப்பத்தில் எங்கும் கேட்கப்படாத கேள்விகள் சில உண்டு. நடுராத்திரி நெஞ்சை அடைத்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? அந்த மருத்துவரிடம் எந்த மொழியில் வலியைச் சொல்வீர்கள்? வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் சந்தையில் கன்னடமும் பேசிப் பழகிய நம் ஊர்க்காரருக்கு மொழி கற்பது கஷ்டமில்லை என்று சொல்லலாம். ஆனால் வலியில் வரும் மொழி தாய்மொழி. இறந்தால் உடலை எங்கே வைப்பார்கள்? நம் மாவட்டத்தில் ஏரிக்கரைகளிலும் வயல் ஓரங்களிலும் நடுகற்கள் நிற்கின்றன. மல்லச்சந்திரம் குன்றில் கற்பலகைகளை நிறுத்தி இறந்தவர்களை வைத்த இடங்கள் பல நூற்றாண்டு தாண்டியும் இருக்கின்றன. இறந்தவர் எங்கே இருக்கிறார் என்பதை ஒருபோதும் சிறிய விஷயமாக நினைக்காத மண் இது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உள்ள மாத்திரையை ஒரு பெண் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்து, அழுத்தம் பார்த்து, குறித்துக்கொண்டு போகிறார். குறைகள் இருக்கலாம், ஆனாலும் விசாக் காப்பீட்டில் எத்தனை டாலர் கட்டினாலும் இப்படி ஒரு ஆள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார். எழுபது தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் வருமானம் பாராமல் 5 லட்சம் ரூபாய் வரையிலான மத்திய அரசுக் காப்பீடும் உண்டு. இவற்றையெல்லாம் விட்டுப் போகிறோம் என்று தெரிந்து போவது நல்லது.

போக விரும்புகிறவர்களைத் தடுக்க இதை எழுதவில்லை. பிள்ளை கூப்பிட்டால் போங்கள். பேரன் பேத்தியின் கையைப் பிடித்து நடக்கும் காலம் திரும்பி வராது. கடற்கரை ஊர் ஒன்றில் சில வருடம் இருந்து பார்க்க ஆசையா, போய்வாருங்கள். முதலில் சுற்றுலா விசாவில் ஒரு மழைக்காலம் முழுதும் அங்கே இருந்து பாருங்கள். உறவுக்காரருக்கே ஆனாலும், சொத்தை விற்கும் உரிமையோடு பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அப்பா அம்மாவின் பெயர், பிறந்த தேதிக் காகிதங்களை அவர்கள் திடமாக இருக்கும்போதே நீங்கள் சரிசெய்து வையுங்கள்; அந்த அலைச்சல் அவர்களுக்கு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வைப்புத்தொகைக்காக நிலம் முழுவதையும் விற்காதீர்கள். இரண்டு ஏக்கர் இருந்தால் ஒன்றை வையுங்கள். அரை ஏக்கர் இருந்தால் வீட்டையாவது வையுங்கள். நம் அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் தன் பழைய விவசாய நிலத்தைத் தொடர்ந்து வைத்திருக்கலாம். புதிதாக விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. ஊரோடு திரும்பி வந்த பிறகு வாங்கலாம்தான். ஆனால் அன்றைக்கு ராயக்கோட்டையில் ஒரு ஏக்கர் என்ன விலைக்குப் போகும் என்பதை இன்றைய விலையைப் பார்த்தே நீங்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.